நான்காவது வட்டம்

எங்கள் கொப்பரைக் களத்துப் பேரேட்டில்
தேரைக்கு ஒரு பத்தி உண்டு.
பருந்துக்கு இல்லை.

பருப்புக் கட்டாத காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்து
"தேரை மோந்துடுச்சு" என்று
ஓரமாய் உருட்டிவிடுவார் ஆறுச்சாமி.
நான் எழுதுவேன்:
தேரைக்காய் நாற்பத்தொன்று.
தேரைக்காய் அறுபது.
வாடல் நோய் வந்த வருசம் முந்நூற்றுப் பத்து.
அத்தனை உயரம் அது எப்படி ஏறும்,
ஏறி எதற்கு மோக்கும் என்று
பதினாறு வருசத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

பருந்து வேறு.
செம்மண் முதுகு, வெள்ளைக் கழுத்து.
அதன் நிழல் குறுக்கே விழுந்தால்
லோடு லாரி டிரைவர்கூட
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.
கோழிக்குஞ்சைத் தூக்கிப் போனாலும்
அதற்குக் கருடன் என்றுதான் பேர்.

ஐப்பசி மழையில்
கோயமுத்தூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்,
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு.
ஆழியாற்று வாய்க்காலை ஒட்டி
மட்டை அழுகிக் கிடக்கும் எங்கள் குழியில்
மூன்று ராத்திரி குந்தியிருந்தார்கள்.
அகப்பட்டவை ஏழு.
"இது குதிக்காதுங்க அக்கா. நடக்கும்,"
என்றான் இம்மானுவேல் என்கிற பையன்.
நனைந்த சாக்கின் நிறம்.
கண்ணில் மட்டும் பித்தளைக் கீற்று ஒன்று.
இன்னும் எத்தனை இருக்கும் என்றேன்.
அவன் பதில் சொல்லாமல்
அதை இறக்கிவிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் மாகாளியம்மனுக்குக் கும்பாபிசேகம்.
அன்னதானப் பந்தலுக்கு இடம் போதவில்லை.
ஒரே மத்தியானத்தில் குழியை மூடியது ஜேசிபி.
டிரைவருக்கு டீ வாங்கித் தந்தது
நான்தான்.

அன்று காலை
கோபுரத்தின் மேலே குடங்களோடு நின்றார்கள்.
கருடன் வராமல் தண்ணீர் ஊற்றமாட்டார்கள்.
மேளம் நின்றது.
படமெடுத்த ட்ரோனையும் இறக்கிவிட்டார்கள்.
இரண்டாயிரம் தாடைகள் வானத்தைப் பார்த்து.

பேரேட்டில் குனிந்தே கிடந்த கழுத்து எனக்கு,
அண்ணாந்தால் தலை சுற்றும்.
அதனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்புகளுக்கு நடுவே
நடந்து வந்தது அது.
ஒரு கால், பிறகு நின்று, ஒரு கால்.
வீடு இருந்த இடத்தைத் தேடுகிற நடை.

மேலே குலவை வெடித்தது.
முதல் வட்டம்.
இரண்டாவது.
மூன்றாவதில் பருந்து இறங்கி வந்தது,
தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.
கலசத்தைப் பார்க்கிற சாய்வில்லை அது.
அந்தக் கூட்டத்தில் தேரையைப் பார்த்தவர்கள்
இரண்டே பேர்:
நானும் பருந்தும்.

பந்தலோரம் கிடந்த கொட்டாங்கச்சியைக்
கவிழ்த்து மூடினேன்.
மேலே காலை வைத்துக்கொண்டேன்.
தண்ணீர் ஊற்றினார்கள். சனம் கும்பிட்டது.
பருந்து போகவில்லை.

"நாலாவது வட்டமுங்க!
எந்தக் கோயில்லயும் நடக்காததுங்க!"
மைக்கில் தர்மகர்த்தாவின் குரல் உடைந்தது.
பக்கத்தில் நின்ற பழனாத்தாள்
என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
அவள் மகனுக்குக் கிட்னி பழுது.
காலை எடுக்கவுமில்லை,
ஒன்றும் சொல்லவுமில்லை நான்.

அன்று எண்ணூறு இலை விழுந்தது.
ஊரே சாப்பிட்டது. நானும் மூன்று முறை
ரசம் வாங்கிக் குடித்தேன்.

இருட்டியபின் ஓட்டைத் தூக்கி
வாய்க்காலுக்குக் கொண்டுபோனேன்.
ஏழில் ஒன்றா, எட்டாவதா,
மிச்சம் இது மட்டும்தானா?
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
தண்ணீர் மட்டும் நகர்ந்தது.

மறுநாள் களத்தில்
தேரைக்காய் என்று எழுதி அடித்துவிட்டு
வெறுங்காய் என்று எழுதினேன், இருபத்தியேழு.
"என்னம்மிணி புதுசா?" என்றார் ஆறுச்சாமி.

கூடைகளின் மேல் ஒரு நிழல் ஊர்ந்தது.
அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
என் கை பாதி வரை போனது.
பட்டினி போட்டவளைப் பருந்துக்கு
அடையாளம் தெரியுமோ என்னவோ,
காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.